கூரை போன சாளையும் கூட்டுக் கிணறும்



காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல கார்ல போயிருந்தா நீங்களும் பாத்திருப்பீங்க. காட்டுக்கு நடுவுல ஒத்தை வேப்பமரம் நிக்கும். அதுக்குப் பக்கத்துல கூரையில்லாத மண்சுவர் ரெண்டு மூணு நிக்கும். அது ஒரு காலத்துல குடும்பம் இருந்த சாளை. எங்க கொங்குப் பக்கம் விவசாயிங்க முக்காவாசிப் பேர் ஊருக்குள்ள இருக்கமாட்டாங்க. அவங்கவங்க தோட்டத்துலயே வீடு கட்டிக் குடியிருப்பாங்க. அந்தத் தோட்டத்து வீட்டைத்தான் சாளைன்னு சொல்லுவோம்.

என் காட்டை ஒட்டி அப்படி ஒரு சாளை இருக்குது. எங்க பெரியப்பாவோடது. 1996-ல பூட்டுனது. போன ஞாயித்துக்கிழமை அவரோட மகன், எனக்கு அண்ணன் முறை, திருப்பூர்ல இருந்து வந்திருந்தார். ரெண்டு பேரும் உள்ள போய்ப் பாத்தோம்.

கிளுவை வேலி அங்கங்க உசுரோட இருக்குது. வாசல்ல வேலிக்காத்தான் முள்ளு மண்டிக் கெடக்குது. அருவா கொண்டு போய் வெட்டித்தான் வழி பண்ணினேன். கதவு, நிலவு எல்லாம் எப்பவோ போயிருச்சு. ஓட்டைப் பிரிச்சு வித்தது அண்ணன்தான், ஒரு கஷ்டத்துக்கு. ஓடு இருக்கற வரைக்கும் மண்சுவர் நூறு வருசம்கூட நிக்கும். ஓட்டை எடுத்துட்டா மூணு ஐப்பசி மழைதான் தாங்கும். ஆசாரத்துச் சுவர் முழங்கால் உசரத்துக்குக் கரைஞ்சு கெடக்குது. சமையக்கட்டுச் சுவர் மட்டும் நிக்குது. அடுப்புப் புகை ஏறிக் கறுத்தது இன்னும் அப்படியே இருக்குது. ஆட்டாங்கல்லுக் குழியில மழைத்தண்ணி. பட்டிக்குப் பக்கத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டுன கல்தொட்டி, ஒரு கீறல் இல்லாம.

அண்ணன் அதெல்லாம் நின்னு பாக்கலை. நேரா கிணத்துக்குப் போனார்.

அப்பாரு காலத்துக் கிணறுங்க. 60 அடி ஆழம். இருக்கறது அண்ணன் நிலத்துல, ஆனா பாதி பாத்தியம் எங்களுக்கு. ரெண்டு பக்கமும் கவலை ஓட்டுனதுக்கு ரெண்டு வாரி உண்டு. மாடு கயித்தை இழுத்துக்கிட்டு இறங்கற சரிவுதான் வாரி. இப்ப மண் மூடி மேடாயிருச்சு. பெரியப்பாவுக்கு ஒரு நாள், எங்கப்பாவுக்கு ஒரு நாள்னு முறை வெச்சுத் தண்ணி எறைப்பாங்க. அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது. அப்பவும் முறை மாறலை. குடத்துக்குச் சேந்துன பக்கம் கல்லுல கயிறு அறுத்த பள்ளம் விரல் ஆழத்துக்கு இருக்குது. அண்ணன் அதுல கட்டைவிரலை வெச்சுப் பாத்துட்டே நின்னார்.

இனிமே சொல்றது எனக்குச் சங்கடமான விசயம். இத்தனை வருசத்துல இங்க எழுதுனதில்லை.

1992-ல எங்கப்பா போர் போட்டார். எங்க நிலத்துலதான், கிணத்துல இருந்து எழுபது தப்படி தூரத்துல. எனக்கு அப்ப 23 வயசு. போடலாம்னு அப்பாவை நச்சரிச்சதே நான்தான். கரண்டுக்குக் காசில்லைன்னு ஆன பிறகு அப்ப எல்லாத் தோட்டத்துலயும் அந்தப் பேச்சுதான். 280 அடியில நல்ல தண்ணி. கம்ப்ரசர் வெச்சு எடுத்தோம். மஞ்சள் போட்டோம், வாழை போட்டோம்.

எங்க பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறைங்க. தண்ணி பாறை வெடிப்புலதான் ஓடும். கிணத்துக்கு ஊத்து வர்ற அதே வெடிப்பைக் கீழ போய் போர் பிடிச்சுக்கிட்டா, மேல இருக்கற கிணத்துக்கு என்ன மிஞ்சும்? ரெண்டு வருசத்துல கிணறு எறங்கிருச்சு. பெரியப்பா முறைக்கு ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுனா அப்புறம் காத்துதான் வரும். எங்களுக்குக் கிணத்து முறையே தேவைப்படலை. "உங்க முறையையும் நீங்களே எடுத்துக்கங்கண்ணா"ன்னு எங்கப்பா பெருந்தன்மையா சொன்னார். இல்லாத தண்ணியில பங்கு எதுக்குங்க?

பெரியப்பா ஒரு வார்த்தை கேக்கலை. 1996 சித்திரையில கண்ணபுரம் சந்தைக்கு ரெண்டு காங்கேயம் எருதையும் ஓட்டிட்டுப் போனார். வெறுங்கயித்தோட வந்தார். அடுத்த மாசமே திருப்பூர். அண்ணன் பனியன் கம்பெனியில கட்டிங் வேலைக்குச் சேந்தார். பெரியப்பா அங்கயே வாடகை வீட்டுல இறந்தார்.

எங்க போர் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? 2003-ல நின்னுருச்சு. இன்னொண்ணு 620 அடி போட்டோம். பாறைத்தூள் மட்டும் வந்தது. இப்ப நானும் மேய்ச்சல் காடு விட்டு செம்மறி வளக்கறேன். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் தண்ணி கேக்காதுங்க. மழை பேஞ்சாப் போதும்.

அண்ணன் வந்த காரணம் வேற. அவர் பையன் தையல் யூனிட் போட்டுக் கடனாகிக் கெடக்குது. நிலத்தைச் சைட் போடற ஒருத்தர் கேக்கறார். கிணத்தை மூடித் தரணும், அதுல எங்க பாத்தியத்துக்கு நான் கையெழுத்துப் போடணும். எனக்கு உடனே வாயில வந்தது, "கிணத்தை மட்டும் மூடாம விக்க முடியாதாண்ணா?"

"வெலை கொறையும்டா"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை.

அப்பத்தான் நான் அந்தப் போர் விசயத்தை எடுத்தேன். நான்தான் அப்பாவைத் தூண்டுனேன், அதனாலதான் நீங்க போனீங்கன்னு சொன்னேன். அண்ணன் கிணத்தையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்கப்பன் அந்த வருசமே போர் வண்டிக்காரனைக் கூட்டிட்டு வந்து வெலை கேட்டாருடா. கையில காசில்லை. இருந்திருந்தா உங்களுக்கு முந்தி நாங்க போட்டிருப்போம்."

அது எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதா, நெசமான்னு தெரியலை. நெசமா இருந்தாலும் போட்டது நாங்கதானேங்க.

ராத்திரி தூக்கம் வரலை. வடகிழக்கு மழைக்கு அப்புறம் கிணத்துல எட்டு அடி தண்ணி நிக்குது. தூக்கணாங்குருவி கிணத்துக்குள்ள கூடு தொங்கவிட்டிருக்குது. மூடறதுன்னு நெனைச்சாலே வயித்தைப் பெசையுது. அந்தத் தோட்டத்தை வாங்கிக்க எங்கிட்ட காசு கிடையாது. அன்னைக்குக் கிணத்தை வத்த வெச்சு அவங்க பொழப்பைக் கெடுத்தோம். இன்னைக்கு அதே கிணத்தைக் காப்பாத்தறேன்னு அவர் வெலையைக் குறைக்கறதா? கிணத்து மேல எனக்குப் பாசம் வந்ததுக்கு ரெண்டாவது தடவையும் அவரே காசு குடுக்கணுமா?

காலையில போன் பண்ணி, "கையெழுத்துப் போடறேண்ணா, எந்த நிபந்தனையும் இல்லை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்தக் கல்தொட்டியை நீ எடுத்துக்கடா, உன் ஆட்டுக்கு ஆகும்"னார்.

நேத்து நாலு ஆளும் நானும் கடப்பாரை போட்டு நெம்பி, டிராக்டர்ல ஏத்திக் கொண்டுவந்து பட்டிக்குப் பக்கத்துல வெச்சோம். சாயங்காலம் தண்ணி ஊத்தினேன். குட்டிங்க மொதல்ல மோந்து பாத்துட்டு ஓடிருச்சுங்க. பெரிய ஆடுங்க குடிச்சதைப் பாத்துட்டுத்தான் திரும்பி வந்துச்சுங்க.

இனிமே இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, கூரையில்லாத சாளையைப் பாத்தா சுவரைப் போட்டோ எடுத்ததோட போயிராதீங்க. பக்கத்துல கிணறு எங்கன்னு தேடிப் பாருங்க. எங்க ஊர்ல மொதல்ல காலியானது அதுதான். வீடு அதுக்கப்புறம்தான்.