ஒற்றை மைக்

நாஞ்சில் நாடு என்று எழுதுகிறவர்கள் எங்களையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கட்டும், நட்டமில்லை. ஆனால் எங்கள் ஊரான புதுக்கடையில் ஒருவனிடம் கேட்டால் விளவங்கோடு என்றுதான் சொல்வான். நாஞ்சிலுக்கு நெல்வயல், எங்களுக்கு மரச்சீனியும் தென்னையும் முந்திரி உடைக்கும் அண்டியாபீசும்.

என் சிறுவயதில் புதுக்கடை முக்கிலிருந்த சாயக்கடைக்கு ஒரே ஒரு பேப்பர் வரும். அதைக் கையில் வாங்கிப் புரட்ட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் கட்டன் சாயாவோடு பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் உரக்க வாசிப்பார். மந்திரி பேசியிருந்தால் மந்திரியின் குரல் வரும். அரிசி விலை ஏறியிருந்தால் வீட்டுக்காரியின் குரல் வரும். அண்டியாபீசுக்குப் போகிற பெண்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் நடப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பேப்பருக்கு அப்படி ஒரு மரியாதை இருந்ததற்குக் காரணம் உண்டு. தினமலர் 1951-இல் பிறந்தது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர் தமிழருக்குப் பேச ஒரு நாளிதழ் வேண்டுமென்று டி. வி. இராமசுப்பையர் தொடங்கியது அது. எல்லை மாறிய பிறகு, 1957-இல், பேப்பரே மூட்டை கட்டித் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. இடையில் 1954 ஆகஸ்ட் 11. எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள்மீது பட்டம் தாணுபிள்ளை அரசின் போலீஸ் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் சுட்டது. ஊரில் தியாகிகளுக்குத் தூண் நிற்கிறது. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டில் சேர்ந்தோம்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டால் வேறொரு சங்கடமும் வந்தது. வாசகசாலை ஆண்டுவிழா நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வேடத்துக்கு ஆள் சிக்காது. காக்கியைப் பார்த்தாலே கூட்டம் கூவும். கடைசியில் அந்த வேடமும் தையல்காரர் தலையில்தான் விழும். சட்டையை அவரே தைத்துக்கொள்வார், வாசகசாலைக்குச் செலவு மிச்சம். மேடைக்கு ஒரே மைக், நடுவில் கயிற்றில் தொங்கும். வசனம் பேச வேண்டியவன் அதற்கு அடியில் வந்து நிற்க வேண்டும். குண்டடிபட்டு மூலையில் விழுந்த கதாநாயகன் சாவதற்கு முன்னால் தவழ்ந்து தவழ்ந்து மைக்குக்குக் கீழே வந்து, அம்மாவிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவான். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரலும் அதே மைக்கில் கணீரென்று கேட்கும். யாரும் சிரித்ததில்லை.

ராத்திரியில் அதே சாயக்கடையில் சிற்றலை ரேடியோ. கடலலைபோல ஏறி இறங்கும் இரைச்சலுக்குள்ளிருந்து லண்டன் பிபிசி வரும். தமிழோசை என்று அதற்குப் பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்தவர். பின்னாளில் தமிழோசையில் பணியாற்றிய ஏ. சி. தாசீசியசும் அந்த மண்தான். அவர் நாடகக்காரர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. ஈழத்து மஹாகவியின் பா நாடகங்களான ‘கோடை’, ‘புதியதொரு வீடு’ இரண்டையும் மேடையேற்றியவர், ‘பொறுத்தது போதும்’ அவருடைய நாடகம். நாட்டை விட்டுப் போன பிறகு ஒலிவாங்கி சோறு போட்டது, மேடையையும் விடவில்லை. 1997-இல் லண்டனிலிருந்து ஐபிசி தமிழ் வானொலி தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவர் ஒருவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001-இல் முதல் இயல் விருதை எங்கள் நாகர்கோவில் சுந்தர ராமசாமிக்குக் கொடுத்தது. 2006-இல் அதே விருது தாசீசியசுக்கு. செய்தியும் நாடகமும் ஒரே ஆளிடம் எப்படி என்று நண்பர்கள் வியந்தார்கள். புதுக்கடையில் வளர்ந்தவனுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது?

ஆனால் கடல் தாண்டிய எல்லோருக்கும் லண்டன் கிடைப்பதில்லை. தையல்காரர் எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனார். அங்கே மேடை ஏது, வாசகசாலை ஏது? பகல் முழுக்க மிஷின், ராத்திரி பத்துப் பேர் படுக்கும் அறை. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவது அன்றைய வழக்கம். மற்றவர்களின் கேசட்டில் அழுகையும் காசுக் கணக்கும் இருக்கும். இவருடையது “வணக்கம். செய்திகள்” என்று ஆரம்பிக்கும். முதலில் தலைப்புச் செய்தி: அறையில் ஏசி கெட்டது, கஞ்சிக்குப் பயறு கிடைக்கவில்லை. அடுத்து சூப்பர்வைசர் மலையாளமும் இந்தியும் கலந்து ஏசுவது, அதற்கு இவர் தமிழில் முணுமுணுப்பது, இரண்டும் அவரவர் குரலில். அவர் வீட்டு முற்றத்தில் டேப்ரிக்கார்டரைச் சுற்றி நாங்கள் இருபது பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்.

“அப்புறம், உனக்கு மட்டும் ஒரு காரியம்” என்று குரல் தணிந்ததும் அவர் மனைவியான அக்கா பாய்ந்து வந்து பட்டனை அமுக்கிவிடுவார். “கழிஞ்சாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க மக்களே.”