டிவிடி டிரைவைக் காணவில்லை

ஒருவரின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நன்றாக ஓடியது. டிவிடி டிரைவ் மட்டும் தென்படவில்லை. கையில் கல்யாண வீடியோ தட்டு. லினக்ஸை அழித்து மறுபடி நிறுவிவிடலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

நல்லவேளை, அதற்கு முன், லினக்ஸ் தொடங்குமுன்பே வன்பொருளைக் கண்டறியும் பயாஸின் திரையைத் திறந்தார். அங்கும் டிரைவின் பெயர் இல்லை. அப்படியென்றால் லினக்ஸ்மேல் பழி போடுவது நியாயமில்லை. பயாஸில் பெயர் இருந்து லினக்ஸில் மட்டும் தெரியாதிருந்தால், லினக்ஸ் கருவின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) பதிவில் ‘எஸ்ஆர்0’ (sr0) என்ற சாதனப் பெயரைத் தேடியிருக்க வேண்டும். சிடி, டிவிடி டிரைவுகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது.

பேட்டரியைக் கழற்றினார். அடிப்பக்கத்தில் டிரைவைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகு. உருவியெடுத்து, சாட்டா முனையில் படிந்த தூசியைத் துடைத்து, அழுத்திச் செருகினார்.

கணினியைப் போட்டதும் தட்டு சுழலும் சத்தம். திரையில் 2006-ஆம் ஆண்டின் பந்தல், வாசலில் அப்பா.