மேனி நிறம் எது?

மூன்றாம் ஆண்டு மாணவர்களை 'அம்மா' என்னும் தலைப்பில் படம் வரையச் சொன்னால், இளஞ்சிவப்பு வண்ணக்குச்சிக்குப் போட்டி எழும். அதன் பெயரே 'தோல் நிறம்'. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வெயிலில் கறுத்த அன்னையர், தாளில் மட்டும் இளஞ்சிவப்பாகிவிடுவர். "ஏனம்மா இந்த நிறம்?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். "அப்பத்தான் டீச்சர் அழகா இருக்கும்" என்றாள். ஒன்பது வயதில்!

இதற்காகவே நான் வகுப்புக்கு எடுத்துச் செல்பவை ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள். (இசையமைப்பாளர் அல்லர், மாணவரும் முதலில் குழம்பினர்.) கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் 1979-இல் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். கதவோரம் நிற்கும் பெண், பாத்திரங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பெண் என நம் வீட்டுப் பெண்களையே வரைந்தார். சன்னல் வெளிச்சம் பட்டுக் கருமேனி ஒளிரும். முதற்பார்வையில் நிழற்படமோ என்று ஐயுறுவோம்.

அவற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு டச்சு ஓவியர் வெர்மீர் (1632–1675) நினைவுக்கு வருவார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள அவருடைய 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்திலும் இடப்பக்கச் சன்னல், எளிய பணிப்பெண். எண்ணெய் வண்ணத்தின் இயல்பு இதற்குத் துணை செய்கிறது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. (நம் மலைக் குளிரில் இன்னும் தாமதமாகும்.) பழைய ஐரோப்பிய ஓவியர்கள் முதலில் பழுப்பு நிறத்தில் ஒளியும் நிழலும் மட்டும் தீட்டுவர், அது உலர்ந்தபின் மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவர். ஒளி அப்படலங்களை ஊடுருவி, அடியிலிருந்து திரும்பி வரும். வெர்மீர் முகத்தின் நிழலில் பச்சை மண் வண்ணத்தையும் பயன்படுத்தினார் என்றேன். "மூஞ்சியில பச்சையா?" என்று வகுப்பே சிரித்தது.

இதே எண்ணெய் வண்ணத்தால்தான் ரவிவர்மா (1848–1906) இந்தியத் தெய்வங்களை வரைந்தார். நாட்காட்டி இலட்சுமி இன்றும் வெளிர்நிறத்தவளாய் இருப்பதற்கு அவர் அச்சிட்டுப் பரப்பிய படங்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இளையராஜாவோ அவ்வண்ணத்தைத் தம் மண்ணின் பெண்களுக்குக் கொடுத்தார்.

2021 ஜூன் 6-ஆம் நாள் கொரோனாத் தொற்று அவரைக் கொண்டு சென்றது. படங்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கும். பெற்றோரே, ஒன்றைத் தேடிப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்; அந்த மேனியில் எத்தனை நிறங்கள் உள்ளன என்று எண்ணச் சொல்லுங்கள். என் வகுப்பில் பதினொன்று வரை எண்ணினார்கள்.