மாமாவின் ஆபரேஷனுக்கு முன்னால்...

பெண்கள் பத்திரிகையில் ஆண்களுக்கு வரும் நோயைப் பற்றி என்ன எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே. நோய் ஆணுக்கு என்றாலும், கஞ்சி காய்ச்சுவதும், வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், விரிப்பை அலசிப் போடுவதும் நாம்தானே!

என் மாமனாருக்கு 67 வயது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் பார்த்தவர். விடியுமுன் எழுந்து, கேரளா லாரிகளுக்கு மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அப்பேர்ப்பட்ட உழைப்பாளிக்கு 12 வருஷமாகக் குடல் நோய். சீட்டில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று எழுதியிருக்கும். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி, சீதமும் ரத்தமுமாகப் போகும். அடங்கியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஓட வேண்டும்.

இத்தோடு, ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க ஆரம்பித்தார். "வயசானா அப்படித்தான்" என்றார் அத்தை. ஆனாலும் என் கணவர் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். மூத்திரப் பைக்குக் கீழே, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு உள்ளது புராஸ்டேட் சுரப்பி. அதிலிருந்து வரும் பி.எஸ்.ஏ. என்ற சத்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மாமாவுக்கு 11 இருந்தது. சுரப்பி வெறுமே வீங்கினாலும் இது கூடும் என்பதால், ஸ்கேன் எடுத்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். நல்லவேளையாக, சுரப்பிக்குள்ளேயே இருந்தது.

ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுக்கலாம். அல்லது கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார் டாக்டர். சிலருக்கு எதுவும் செய்யாமல் கவனித்து வந்தாலே போதுமாம். மாமாவுடையது அந்த ரகம் இல்லை. புராஸ்டேட்டுக்கு ஒட்டினாற்போலப் பின்னால்தான் மலக்குடல். ஏற்கெனவே புண்ணான குடலில் கதிர் பட்டால் தொல்லை கூடலாம் என்று யோசித்து, ஆபரேஷனே நல்லது என்று முடிவு செய்தார்கள். இது மாமாவுக்குச் சொன்னது. உங்கள் வீட்டில் யாருக்காவது என்றால் அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதல் சங்கடம், இதையெல்லாம் மாமனாரும் மருமகளும் எப்படிப் பேசிக்கொள்வது என்பது. இன்றைக்கு எத்தனை தரம், ரத்தம் இருந்ததா என்று நான் கேட்கவும் முடியாது, அவர் சொல்லவும் மாட்டார். புறவாசல் கதவில் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, நூலில் இரண்டு பென்சில் கட்டிவிட்டேன். போய் வந்தால் நீலக்கோடு. ரத்தம் தெரிந்தால் சிவப்புக்கோடு. ஒரு வார்த்தை பேசாமல் வேலை நடந்தது. அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டினால் குடல் டாக்டர் ஒரு பார்வையில் புரிந்துகொள்கிறார்.

ஆபரேஷன் டாக்டரிடம் போகும்போது, மாமா சாப்பிடும் மருந்து ஒன்று விடாமல் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். அதுதான் பெரிய உதவியாயிற்று. ராத்திரியில் ஆசனவாய் வழியாக ஏற்றிக்கொள்ளும் மருந்து ஒன்று அதில் இருந்தது. டாக்டர் அதைத் தனியே எடுத்து வைத்தார். ஆபரேஷன் புண் மலக்குடலுக்கு முன்னாலேயே இருக்குமாம். அது ஆறும்வரை அந்த வழியாக எதையும் செலுத்தக் கூடாது என்றார். அப்படியானால் அந்த மருந்து இல்லாமல் குடல் அடங்கியிருக்குமா? இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி, வாய்வழி மாத்திரையைக் கூட்டி, ஆறு வாரம் பார்ப்போம் என்றார்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "புத்துநோயை வச்சிக்கிட்டு யாராவது காத்துக் கெடப்பாவளா?" என்றார் மதினி. எனக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது. ஆனால் மாமாவுக்கு வந்திருப்பது மெதுவாக வளரும் வகை, சில வாரம் பொறுப்பதால் கெடுதல் இல்லை, சதை எடுத்த இடமும் ஆற வேண்டுமே என்று டாக்டர் விளக்கினார். அந்த நாட்களை வீணாக்கவில்லை. ரத்தம் போய்ப் போய் இளைத்திருந்த உடம்புக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். முன்பு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவைத்தோம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாதாம். சில வலி மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளப்பும் என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, இடுப்புக்குக் கீழுள்ள தசைக்கு ஒரு பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, ஐந்து எண்ணி, தளரவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசியலாம். இப்போதே பழகினால் அடக்கும் சக்தி சீக்கிரம் திரும்ப உதவும். இளம் தாய்மார்களே, பிரசவம் ஆனபின் நமக்குச் சொல்வதும் இதே பயிற்சிதான்! என் கணவர் கற்றுக்கொடுக்க, "பிள்ள பெத்தவளுக்குச் சொன்னத இவியளுக்குமா?" என்று அத்தை சிரித்த சிரிப்பில் மாமாவும் சிரித்துவிட்டார்.

சாப்பாடு எளிமையானதுதான். குழைந்த சாதம், மோர், இட்லி, தோல் சீவிய சுரைக்காய், பீர்க்கங்காய். காரம் கிடையாது. பேதிக்கு விளக்கெண்ணெய், கடுக்காய் என்று வந்த யோசனைகளை எல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டேன். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகாமல் செங்கோட்டை பாசஞ்சரில் போகிறோம். ரயிலில் கழிப்பறை உண்டே!

வீட்டுக்கு வரும்போது ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயும் பையும் இருக்கும். அவசரமாக ஓடுகிற மனுஷர், குழாயோடு எப்படி ஓடுவார்? அதனால் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றி, பக்கத்திலேயே துளை வைத்த நாற்காலி போட்டிருக்கிறோம். பையைத் தொங்கவிட்டு நடக்க ஒரு சிறு வாளி. பகலில் அதை எடுத்துக்கொண்டு நடந்து பழகுகிறார். 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும், ரேஷன் கார்டு நகலும் ஒரே உறையில் தயார்.

காலண்டரில் மூன்று வாரமாகச் சிவப்புக்கோடு இல்லை. ஆவணியில் தேதி குறித்திருக்கிறார்கள். குற்றாலத்தில் சீசன் களைகட்டிச் சாரல் இங்கேவரை அடிக்கிறது. வருஷம் தவறாமல் அருவிக்குப் போகிறவர், "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் மருமவளே" என்கிறார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் வாயால் பேசுவதே எங்களுக்குப் பெரிய தெம்பு.

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு காலண்டரும் பென்சிலும் போதும்.