பழைய கரண்ட் காருக்குப் பல் பார்த்த கணக்கு

மஞ்சள் வித்த காசு கையில இருக்கு. போர் ஆழப்படுத்தறதா, வண்டி வாங்கறதான்னு ரெண்டு மாசமா வீட்ல இதே பேச்சுதான். வண்டின்னா புதுசு இல்லீங்க, பழசு. அதுலயும் கரண்ட்டுல ஓடற கார். உங்கள்லயும் சில பேர் இந்த யோசனையில இருப்பீங்க. அதனால நான் பார்த்த கணக்கை அப்படியே எழுதறேன்.

எதுக்கு வண்டின்னு முதல்ல சொல்லிடறேன். எங்கம்மாவுக்கு 74 வயசு. சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யல. வாரம் ரெண்டு நாள் ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி டயாலிசிஸ் பண்ணணும். கோபி பக்கம் இருக்கற எங்க தோட்டத்துலருந்து போக 42, வர 42, மொத்தம் 84 கிலோமீட்டர். போறப்ப உட்கார்ந்து பேசிட்டே வருவாங்க. திரும்பறப்ப பிரஷர் இறங்கித் துவண்டு போயிடுவாங்க, பின் சீட்ல படுக்க வெச்சுத்தான் கூட்டியாரணும். பஸ் ஆகாது. வாடகைக் கார் ஒரு நடைக்கு 1,600 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு 18 நடைன்னா 28,800. மஞ்சக் காசு முழுக்க இப்படியே கரைஞ்சிடும். அதனால சொந்த வண்டி வேணுங்கறதுல சந்தேகமே இல்ல. பெட்ரோலா, கரண்ட்டாங்கறதுதான் கேள்வி.

பெட்ரோல் கார், பின் சீட்ல ஆள் படுக்கற மாதிரி ஓரளவு நல்ல வண்டி, 3,80,000 சொன்னாங்க. கரண்ட் கார் 2022 ஜனவரியில பதிவான டாடா டிகோர், 58,000 கிலோமீட்டர் ஓடினது, 5,40,000. வித்தியாசம் 1,60,000.

இப்ப ஓட்டற செலவு. 18 நடைக்கு 1,512 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கொடுத்தா, நூறு ரூபாய் பெட்ரோல்ல 9,500 கிட்ட வரும். கரண்ட் கார் ஒரு நடைக்கு, ஏத்தறப்ப வீணாகறதையும் சேர்த்து, 14 யூனிட் இழுக்கும்னு வெச்சா ரெண்டு மாசத்துக்கு 252 யூனிட். எங்க வீட்டு மீட்டர்ல ரெண்டு மாசத்துக்கு 280 ஓடுது. ரெண்டும் சேர்ந்தா 532. இங்கதான் கவனிக்கணும். 500 யூனிட்டைத் தாண்டிட்டா மேல ஓடற யூனிட் 8 ரூபாய்க்கு மேல போயிடும், கீழ கிடைச்சிட்டிருந்த சலுகையும் குறைஞ்சிடும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் பில்லு கூடறது 2,000 ரூபாய்க்குள்ளதான். மாசம் 3,800 மிச்சம்னு வெச்சா, கூடுதலாக் கொடுக்கற பணம் திரும்ப மூணரை வருஷம் ஆகும்.

"கெணத்து லைன்ல போட்டா ஓசிதானே?"ன்னு ஊர்ல நாலு பேர் சொன்னாங்க. அந்தக் கரண்ட் பாசனத்துக்குக் கொடுத்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்து, 1970 ஜூன்ல பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல உசுரு விட்டாங்க. அப்புறம் எத்தனையோ போராட்டம் நடந்து, 1990-ல தான் எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆச்சு. அதுல கார் ஓட்டினா சட்டமும் ஒத்துக்காது, எனக்கும் மனசு ஒப்பாது.

அடுத்தது பேட்டரி. மாட்டுச் சந்தையில தோலோட மினுமினுப்பைப் பார்த்து யாரும் வெலை பேச மாட்டோம், பல்லைப் புடிச்சுப் பார்ப்போம். கரண்ட் காருக்குப் பல்லு பேட்டரிதான். புதுசு மாத்தணும்னா லட்சக்கணக்குல ஆகும். இந்த வண்டிக்குப் புதுசுல 26 கிலோவாட் அவர், ஒரு சார்ஜுக்கு 306 கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க. அது சோதனைக் கூடத்து எண். எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் ரோட்டுல அதைவிடக் குறையத்தான் செய்யும்.

நான் இப்படிப் பார்த்தேன். நூறு சதவீதம் ஏத்தி, ஏசி போட்டு, மூணு பேர் உட்கார்ந்து, அம்மா போற அதே ரோட்டுல ஈரோடு போயிட்டு வந்தோம். 84 கிலோமீட்டருக்கு 49 சதவீதம் இறங்குச்சு. அப்படீன்னா முழுசா ஓட்டினா 170. அப்புறம் கோபியில மச்சான் வீட்ல, கார் பிளக்குக்கு மட்டும் தனியா ஒரு சின்ன மீட்டர் மாட்டி, இறங்கினதைத் திரும்ப ஏத்தினோம். 13 யூனிட் ஆச்சு. வீணாகறதைக் கழிச்சா 11.7. அதை வெச்சுக் கணக்குப் போட்டா பேட்டரி இப்பப் புடிக்கறது 24 கிட்ட. நாலு பல்லு மாடுன்னு வெச்சுக்கங்க, கெழடு இல்ல. டவுன்காரருக்கு 170 பத்தாம விக்கறாரு. எனக்கு வேண்டியது 84 தான். இன்னும் கால்வாசி தேஞ்சாலும் ஈரோடு போயிட்டு வந்துடலாம். பேட்டரிக்கு 8 வருஷம் இல்லைன்னா 1,60,000 கிலோமீட்டர், எது முந்துதோ அது வரைக்கும் வாரண்டி. 2030 ஜனவரி வரைக்கும் இருக்கு. பேர் மாத்தினா எனக்கும் செல்லும்னு சர்வீஸ் சென்டர்ல எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். அந்தக் காகிதம் வராம அட்வான்ஸ் கிடையாது.

வண்டியைப் பார்க்கறதுக்கு முந்தி வீட்டு வயரையும் பாருங்க. எங்க வீட்ல 1994-ல போட்ட எர்த்து. சார்ஜரைச் சொருகினா செவப்பு லைட்டு எரியுது, ஏறவே இல்ல. எர்த்து சரியில்லாத எடத்துல இந்த வண்டி கரண்ட் வாங்காது, அது நம்ம பாதுகாப்புக்குத்தான். எலெக்ட்ரீசியனை வெச்சுப் புதுசாக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, பைப் எறக்கி, மீட்டர்லருந்து தனி வயர் இழுத்தோம். 15 ஆம்பியர் பிளக்கு, ட்ரிப்பரோட, 11,000 ஆச்சு. சாயங்காலம் எங்க லைன்ல 175 வோல்ட்டுதான் வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல 215 வருது. அதனால ராத்திரி ஏத்தறதுதான். ஒரு நடைக்குண்டானது ஏற அஞ்சாறு மணி நேரம். ராத்திரி கரண்ட் போனா என்ன பண்றதுன்னு சம்சாரம் கேட்டா. ஈரோடு போற நாளுக்கு முந்தின நாளே ஏத்தி வெச்சுட்டா அந்தப் பயம் இல்ல.

எல்லாத்தையும் நோட்டுல எழுதி வீட்ல படிச்சுக் காட்டினேன். அம்மா கட்டல்ல படுத்தபடி கேட்டுட்டிருந்தாங்க. "மூணரை வருசமா? நான் இன்னம் எத்தன நாளைக்குச் சாமி? எனக்கோசரம் பணத்த முடக்கீராத. போரப் பாரு"ன்னாங்க. யாரும் ஒண்ணும் பேசல. பெட்ரோல் வண்டிதான் இன்னைக்குக் கையக் கடிக்காதுன்னு எனக்கும் தெரியும். சீக்கிரமே ஓட்டத்தை நிறுத்த வேண்டி வரும்னு நெனச்சா அதைத்தான் வாங்கணும். அப்படி நெனச்சு ஒரு வண்டியை வாங்கி வாசல்ல நிறுத்த என்னால முடியாது.

போரை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். மழை பெஞ்சா கெணறு தாங்கும். கரண்ட் காரையே பேசி முடிக்கறதுன்னு தீர்மானம் பண்ணியாச்சு. 5,15,000-க்கு இறங்கியிருக்காரு. வாரண்டிக் காகிதம் வந்ததும் மச்சானும் நானும் போயி எடுத்துட்டு வர்றோம். வியாழக்கிழமை அம்மாவுக்கு ஈரோடு போற முறை. அதுக்கு முந்தி வண்டி வந்துட்டா நல்லா இருக்கும்.