பனி என்னும் சொல்

சேலத்தில் மார்கழி வைகறையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே நாம் பனி என்கிறோம். கதிரவன் எழுந்ததும் அது மறையும். 30 ஆண்டுகள் வகுப்பில் நானும் அப்பொருளையே கூறி வந்தேன்.

என்னிடம் பயின்று படையிற் சேர்ந்த மாணாக்கன் ஒருவன், விடுமுறையில் வந்தபோது வேறொரு பனியைக் கற்பித்தான். "ஐயா, இமயத்தில் பனி அடுக்கடுக்காகப் படியும். உள்ளே ஓர் அடுக்கு பிடிப்பற்றிருக்க, மேலே புதுப்பனி சுமையேற்றினால், சரிவே பெயர்ந்து விழும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களே மிகக் கொடியவை. ஒருவன் காலடி பட்டாலும் போதும். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர், பின்னர் நம்பிக்கை விரைந்து குறையும்" என்றான்.

"அறிந்துமா அங்கு நிற்கின்றாய்?" என்றேன்.

"காவலிடத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஐயா" என்றான்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், சோனம் காவல் நிலையத்தின்மீது பெரும்பனி சரிந்தது. மதராஸ் படைப்பிரிவின் வீரர் 10 பேர் புதைந்தனர். அவருள் நால்வர் தமிழகத்தார். ஒருவர், 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியினர். ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்னும் வீரர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார்.

மாணவர்களே, சொல்லின் பொருள் அகராதியோடு முடிவதன்று. இன்று புல்நுனிப் பனியைக் காணுந்தோறும், அதே பெயருடைய பனியின் நடுவே நமக்காகக் கண்விழித்து நிற்போரை நினைக்கின்றேன்.