தூணில் இரண்டு காகிதங்கள்

2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, ஆம்பூர் பஸ் நிலையத்தில் பேரணாம்பட்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். உறவினர் வீட்டில் ஒரு விசேஷம். வந்த பஸ்கள் எல்லாம் வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் போயினவே தவிர, எனக்கு வேண்டியது வரவில்லை. கையிலிருந்த பத்திரிகையைப் படித்தாயிற்று. பிரியாணிக் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் படித்தாயிற்று. படிக்க ஒன்றும் இல்லாவிட்டால் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தையாவது பிரித்துப் படிக்கிற ஜாதி நான். ஆகவே தூணில் ஒட்டியிருந்த காகிதங்களிடம் போனேன்.

இரண்டு காகிதங்கள். ஒன்று 'காணவில்லை'. 17 வயதுப் பெண். பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம், இரட்டைப் பின்னல். கீழே தகப்பனாரின் டெலிபோன் நம்பர். மற்றொன்று போலீஸ் அறிவிப்பு. ரயில் பாதை ஓரத்தில் கிடந்த, அடையாளம் தெரியாத பெண் பிரேதம், சந்தேக மரணம். வயது 20-லிருந்து 25 இருக்கலாம். பச்சை நிறச் சுடிதார், ஒரு கால் செருப்பு.

இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. கதை எழுதிப் பிழைக்கிறவனுடைய மூளை சும்மா இருக்குமா? இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. வயது ஒத்துவரவில்லையே என்றால், இறந்தவர்களின் வயதை அவ்வளவு திட்டமாக யாரால் சொல்ல முடியும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தகப்பனாருக்கு டெலிபோன் செய்யலாமா என்றுகூட ஒரு நிமிஷம் கை துறுதுறுத்தது.

"அது வேற, இது வேற சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. "தேதியப் பாருங்க. பாடி கெடச்சது மூணாந்தேதி. இந்தப் பொண்ணு வூட்ட வுட்டுப் போனது பதினெட்டாந்தேதி."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தகப்பனின் வயிற்றில் நெருப்பை வைக்க இருந்தேன். காரணம், இரண்டு காகிதம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தது என்பதைத் தவிர வேறில்லை.

அவள் அந்த வட்டாரத்து ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருக்கிறாள். பஸ் நிலையம், ரயில் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் சுவர் என்று எங்கே இந்தக் காகிதத்தைக் கண்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் போவாளாம். "மொகம் மாறிடும் சார். செருப்பு மாறாது. எந்தச் செருப்பு, எப்படித் தேஞ்சிருக்குதுன்னு பாத்தாலே ஆளு எப்படி நடப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"யாரையாவது தேடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

தங்கையைத் தேடுகிறாள். 2012-ல், 16 வயதில், ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்தீர்களா என்றேன். "நைனா வேணாம்னுட்டாரு. ஓடிப் போனவளுக்கு இன்னா கம்ப்ளெயிண்ட்டு, ஊரே சிரிக்கும்னுட்டாரு. நாங்களும் வுட்டுட்டோம்."

பேரணாம்பட்டு பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ் வரைக்கும் அந்தச் சிமெண்டுப் பெஞ்சியில் உட்கார்ந்து, எப்போதோ படித்து மனத்தில் தங்கிப்போன ஒரு சமாசாரத்தை அவளுக்குச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன், சற்று விவரமாகவே.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தில் கலிடோனியா என்று ஒரு சிற்றூர். 1979 நவம்பர் 10-ந் தேதி அங்கே ஒரு சோளக் கொல்லையில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தாள். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுக்குள் இருக்கலாம் என்றார்கள். சிவப்பு மேல்சட்டை, கால்சராய், சாவிக்கொத்தில் இதய வடிவில் ஒரு சின்னத் தகடு. உடம்பில் வெயில் பட்ட இடமும் படாத இடமும் நிறம் பிரிந்து தெரிந்தன. நவம்பர்க் குளிரில் அந்த ஊரில் வெயில் ஏது? ஆகவே எங்கோ தெற்கேயிருந்து வந்தவள் என்று ஊகித்தார்கள். பிற்காலத்தில் அவளுடைய உடையில் ஒட்டியிருந்த மகரந்தத் தூளைக்கூடச் சோதித்தார்கள். அதுவும் வெப்பமான பிரதேசங்களையே காட்டியது. ஆனால், பெயர்? அது மட்டும் கிடைக்கவில்லை. டான்ஸ்வில் என்ற ஊரின் மயானத்தில் புதைத்து, பெயர் தெரியாத பெண் என்று கல் நட்டார்கள். அந்த விசாரணையில் ஈடுபட்ட ஜான் யார்க் என்ற அதிகாரி, பிற்பாடு அந்த ஜில்லாவுக்கே ஷெரீப் ஆகி, உத்தியோகத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். பெயர் வரவில்லை.

இதை யாரும் அசட்டையால் விட்ட வழக்கு என்று சொல்ல முடியாது. தேடினார்கள், வருஷக் கணக்காகத் தேடினார்கள். பின் ஏன் கிடைக்கவில்லை? தேடிய பக்கம் ஒன்றுதான். இறந்து கிடந்தவளைப்பற்றிக் காகிதம் இருந்தது. காணாமற்போனவளைப்பற்றிக் காகிதம் இல்லை! ஆயிரம் மைலுக்கு அப்பால் பிளாரிடாவில் புரூக்ஸ்வில் என்ற ஊர்ப் பெண் அவள். அடிக்கடி வீட்டைவிட்டுப் போகிறவள். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள் போலும். அவளைக் காணவில்லை என்ற புகார் பதிவேட்டில் இல்லை. வளையல் ஓசைக்கு இரண்டு வளையல் வேண்டும். இங்கே ஒன்றுதான் இருந்தது.

2014-ல் ஒரு பள்ளித் தோழிக்கு அவள் ஞாபகம் வந்தது. பழைய சிநேகிதி எங்கேதான் போனாள் என்று விசாரித்தாள். அந்தப் பெண்ணின் சகோதரியோடு பேசினாள். 35 வருஷம் கழித்து முதல்முதலாக, காணவில்லை என்ற புகார் பதிவாயிற்று. அந்த விவரம் அரசாங்கத்தின் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

இனிமேல்தான் நமது அமெச்சூர் வருகிறார். கலிபோர்னியாவில் கார்ல் காப்பல்மன் என்று ஒரு கணக்கர். துப்பறிகிறவர் அல்ல, போலீஸ்காரர் அல்ல. பெயர் தெரியாமல் இறந்தவர்களின் முகங்களை, உயிரோடு இருந்தால் எப்படி இருந்திருப்பார்களோ அப்படி, சம்பளம் இல்லாமல் வரைந்துகொண்டிருந்தவர். சோளக் கொல்லைப் பெண்ணையும் வரைந்திருந்தார். புதிதாக ஏறிய படத்தைக் கண்டதும், தாம் கோடு கோடாக இழைத்த முகம் எதிரே வந்து நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரைக் கூட்டவில்லை, அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டவில்லை. அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டார். சகோதரியின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015 ஜனவரியில் பெயர் வெளியாயிற்று: டாமி ஜோ அலெக்ஸாண்டர். இறந்தபோது வயது 16. அதே வருஷம் அவள் கல்லறைக்குப் பெயர் பொறித்த புதுக் கல் வந்தது. பெயர் தெரிந்தபோதும் கொன்றவன் யார் என்பது தெரியவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. 1968-ல் கென்டக்கி ராஜ்யத்தில் ஜார்ஜ்டவுன் அருகே கூடாரத்துணி போன்ற ஒன்றில் சுற்றிய பிரேதம் கிடைத்தது. 16-லிருந்து 19 வயது என்று கணக்கிட்டு, 'கூடாரப் பெண்' என்றே கல்லில் வெட்டினார்கள். அதைக் கண்டெடுத்தவருடைய மகளை மணந்தவர் டாட் மாத்யூஸ் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. மாமனார் சொன்ன கதை அவரைத் தூங்கவிடவில்லை. பத்து வருஷம் தேடினார். கடைசியில், காணாமற்போன அக்காளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. 1998-ல் மரபணுச் சோதனையில் உறுதியாயிற்று. இறந்தவளுக்கு வயது 24! பதின்பருவப் பெண் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்ததால், 24 வயது மனைவியை, தாயை, அதுவரை யாரும் தேடவே இல்லை.

நம் பக்கத்தில் அடையாளம் தெரியாத பிரேதம் என்றால் பெரியவர்களுக்கு ஆளவந்தார் கொலை வழக்கு ஞாபகம் வரும். 1952-ல் எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் தலையில்லாத உடல். தலையோ ராயபுரம் கடற்கரையில். இவ்வளவு தந்திரமாகப் பிரித்தும், சில நாட்களிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வைத்திய நிபுணர்களின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே, புருஷன் வீடு திரும்பவில்லை என்று ஒரு மனைவி பதறித் தேடிக்கொண்டிருந்தாள். தேடுகிறவர்கள் உள்ளவனைத் தலையை வெட்டினாலும் மறைக்க முடியவில்லை. தேடப்படாத பெண் முழு முகத்தோடு 35 வருஷம் பெயரில்லாமல் கிடந்தாள்.

இந்தத் தோல் நாட்டைப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து ஆந்திராவைத் தொட்டு வருகிற பாலாற்றின் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் முதல் தோல் ஷாப்புகளை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். இன்று ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய் அவர்களை அள்ளிக்கொண்டு வருகிறது. 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூர் ஜில்லாவில், பேரணாம்பட்டு வேலூர் ஜில்லாவில். பேரணாம்பட்டைத் தாண்டினால் ஆந்திரா. ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் சிறிது நேரத்தில் கர்நாடகம். ரயில் பாதைக்குத் தனிப் போலீஸ். ஒரு பெண் ஒரு ராத்திரியில் மூன்று ராஜ்யங்களைக் கடந்துவிடலாம். அவளுடைய காகிதம் கடக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரித்தாகவேண்டும்: பழைய சட்டத்தில் 174-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 194. குழந்தை காணோம் என்று புகார் வந்தால் கட்டாயம் வழக்காகப் பதிவு செய்யவேண்டும் என்று 2013 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 18 வயது நிரம்பாதவர்கள் எல்லாரும் அதில் குழந்தைகளே. காணாமற்போனவர்களுக்கு ஒரு வரிசை, பெயர் தெரியாமல் இறந்தவர்களுக்கு ஒரு வரிசை என்று மரபணு விவரங்களைச் சேர்த்துவைக்க ஒரு மசோதா 2019-ல் பார்லிமெண்டுக்கு வந்தது. அந்தரங்கம் பறிபோகும் என்ற ஆட்சேபம் பலமாக எழுந்தது. அது நியாயமான பயமும்கூட. 2023-ல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. இவை எல்லாம் மேலிடத்துக் காரியங்கள். ஆனால் எந்தச் சட்டமானாலும் யாராவது ஒருவர் வாசற்படி ஏறி, 'எங்கள் பெண்ணைக் காணவில்லை' என்று சொன்ன பிறகுதான் அதற்குக் காது கேட்கும். 'ஓடிப் போனவள்' என்ற இரண்டே வார்த்தை அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

இதை நான் யோக்கியன் மாதிரி எழுதுகிறேன். என் கதையையும் கேளுங்கள். முப்பது வருஷத்துக்கு முன்பு நான் எழுதிய ஒரு தொடர்கதையில், கதாநாயகியின் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் போய்விடுவாள். போனவள் போனவள்தான் என்று ஒரு வரி, 'முற்றும்'. அழகான முடிவு என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும், "அந்தப் பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லவில்லையே?" என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. எனக்குத் தெரிந்தால் அல்லவா போடுவதற்கு! அந்தப் பெண்ணை ரயில் ஏற்றியதோடு நானும் கைகழுவிவிட்டேன்.

பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா தங்கச்சியோட ரத்தத்த வச்சே கண்டுபிடிச்சிட்டாங்களா சார்?"

"ஆமாம் அம்மா."

"பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சே. இப்பப் போயிக் குடுத்தா வாங்குவாங்களா?"

"அங்கே 35 வருஷம் கழித்துக் கொடுத்தார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் கொடுக்கலாம். தங்கை எங்கேயாவது நன்றாகவும் இருக்கலாம், அதற்கும் இந்தக் காகிதம்தான் வேண்டும்" என்றேன். என் டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் பஸ் வந்தது, போய்விட்டாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் டெலிபோன் வந்தது.

"சார், நான்தான், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு. கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டோம். நைனாவே வந்து கையெழுத்துப் போட்டாரு. எழுதறப்ப ரொம்ப அழுதாரு சார்."

"நல்லது அம்மா."

"வயசு இன்னா போடறதுன்னு கேட்டாங்க. போனப்ப 16, இப்ப 28. ரெண்டையும் போடுங்கன்னு சொன்னேன். நான் சொன்னது சரிதானே சார்?"

சரிதான் என்றேன்.